வீட்டுக்கு ஒரு சிறிய சிஎன்சி ரூட்டர்: வாங்குவதிலிருந்து முதல் வெட்டு வரை

அம்மாவின் பல்லாங்குழிப் பலகை நடுவில் வெடித்துவிட்டது. அதே மாதிரி ஒன்றை நானே செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரத்தைக் குடைந்து வெட்டும் இயந்திரம், பக்கம் போனேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இப்போது அந்த இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஆர்டர் போட்ட நாளிலிருந்து உருப்படியான முதல் குழி விழும்வரை நான்கு மாதம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் வீணாகப் போன நாட்கள். யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மின்சார வேலை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்குரூ முடுக்கவும் பொறுமையாக அளக்கவும் தெரிந்தால் போதும்.

1. என்ன வெட்டப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பொருள், எவ்வளவு தடிமன், எவ்வளவு பெரிது. பிசிபி போர்டா (மின்சுற்றுப் பலகை), 3 மி.மீ. அக்ரிலிக்கா, எம்டிஎஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) பெயர்ப்பலகையா, தேக்கா, அலுமினியமா? இந்தப் பதில்தான் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும். நான் இதைச் செய்யவில்லை. "300 × 180" என்று போட்டிருந்த அளவை மட்டும் பார்த்து, ஒரு வரிசைக்கு ஏழு குழி தாராளமாக அமரும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

அகலமும் நீளமும் சரிதான். உயரத்தில்தான் சிக்கினேன். 3018 என்று விற்கப்படும் இயந்திரத்தில் இசட் அச்சு (மேலும் கீழுமான திசை) ஏறி இறங்கும் தூரம் சுமார் 45 மி.மீ. அதை அப்படியே பலகையின் தடிமன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடியில் 12 மி.மீ. எம்டிஎஃப் தியாகப் பலகை (மேசையில் வெட்டு விழாமல் காக்க வைப்பது), அதன்மேல் உங்கள் 25 மி.மீ. மரம், அதற்கும் மேலே பிட்டின் (சுழன்று வெட்டும் கருவி) முனை உரசாமல் நகர 5 மி.மீ. இடைவெளி. போதாததற்குக் கிளாம்ப் போல்ட்டின் தலை வேறு நீட்டிக்கொண்டு நிற்கும். 15 மி.மீ. ஆழம் குடைய வேண்டும் என்றால், பிட், அதைக் கவ்விப் பிடிக்கும் கோலட்டுக்கு வெளியே அதைவிட நீளமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிண்டிலின் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) நட்டு மரத்தில் இடிக்கும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தபோது எனக்கு மிஞ்சியது இரண்டு விரல் இடம்கூட இல்லை.

நேரத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள். 36 மி.மீ. விட்டம், 15 மி.மீ. ஆழத்தில் கிண்ணம் போன்ற ஒரு குழி என்றால் குடைந்து எடுக்க வேண்டிய மரம் சுமார் 9,400 கன மி.மீ. 3 மி.மீ. சொச்சம் உள்ள பிட்டை வைத்து, ஒரு தடவைக்கு அரை மி.மீ. இறக்கி, நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில், பிட்டின் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நகர்த்திக்கொண்டே போனால், ஒரு குழியின் முரட்டு வெட்டுக்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 14 குழிக்கு ஐந்து மணி நேரம். வழவழப்பாக்கும் இரண்டாவது வெட்டு தனி. சிறிய இயந்திரம் வேலையைச் செய்யாது என்பதில்லை, செய்யும். அவ்வளவு நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

2. எந்த ரகம்?

வீட்டு உபயோகத்துக்கு வருபவற்றை மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ளலாம். விலைகள் நான் விசாரித்த காலத்தவை. உங்கள் காலத்தில் ஏறி இறங்கியிருக்கும்.

3018 ரகம்: ரூ.15,000 முதல் 25,000 வரை. உருளைக் கம்பியின் மேல் ஓடும் பேரிங், 8 மி.மீ. லீட் ஸ்குரூ (சுற்றினால் பாகத்தை நகர்த்தும் புரித்தண்டு), படி படியாகச் சுற்றும் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார், 24 வோல்ட்டில் ஓடும் 775 டிசி மோட்டார்தான் ஸ்பிண்டில். பிசிபி, மெழுகு, பைன், மெல்லிய அக்ரிலிக், எம்டிஎஃப் எழுத்து வேலைக்கு நல்லது. தேக்கையும் வெட்டும், மெதுவாக. அலுமினியத்தில் எழுத்துப் பொறிக்கலாம், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். ஒரே 3018 என்ற பெயரில் இரண்டு வகை வருகிறது. ஒன்றில் பக்கத் தட்டுகள் கறுப்பு பேக்கலைட், மற்றதில் முழு அலுமினியம். இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் அலுமினியத் தட்டு உள்ளதையே வாங்குங்கள். பேக்கலைட் தட்டு வளைந்து கொடுப்பதைக் கையால் அழுத்தினாலே பார்க்கலாம்.

4040 ரகம்: சுமார் 400 × 400 மி.மீ. வெட்டும் பரப்பு, ரூ.50,000 முதல் 90,000 வரை. இதில் கவனிக்க வேண்டியது, நகரும் பாகம் எதன்மேல் ஓடுகிறது என்பது. அலுமினியப் பள்ளத்தில் ஓடும் வி சக்கரமா, எஃகு லீனியர் ரெயிலா? சக்கரம் தேயும், தூசி அப்பும், அடிக்கடி முடுக்க வேண்டியிருக்கும். ரெயில் விலை கூடுதல், ஆனால் பல மாதம் கைவைக்க வேண்டாம். மரவேலைதான் முக்கியம் என்றால் கடன் வாங்காமல் முடிகிற பட்சத்தில் இந்த ரகத்துக்கே போங்கள்.

6040 ரகம்: 16 மி.மீ. பால் ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் புரித்தண்டு), 1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், அதை ஓட்ட ஒரு விஎஃப்டி. ஒரு லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பம். வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்பிலேயே ஓடும். 230 வோல்ட்டை வாங்கி ஸ்பிண்டிலுக்கு மூன்று பேஸாக மாற்றித் தருவது விஎஃப்டியின் வேலை. 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். எடையைத் தாங்கும் மேசையும் வேண்டும். மாடிப்படியில் ஏற்ற ஆளும் வேண்டும்.

நான்காவதாக, தானே கட்டுவது. இரும்புப் பெட்டிக் குழாயை வைத்துக் கட்டும் பிரிண்ட்என்சி போன்ற திறந்த வடிவமைப்புகள் இருக்கின்றன. கோயம்புத்தூர், அம்பத்தூர் போல லேத் பட்டறையும் இரும்புக் கடையும் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வழி. முதல் இயந்திரமாக நான் சொல்ல மாட்டேன். எது பிழை, எது இயல்பு என்று தெரிய ஒரு தடவையாவது தயார்க் கிட்டைப் பூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒப்பிடும்போது விளம்பரத்தில் வரும் "துல்லியம் 0.01 மி.மீ." என்ற வரியைக் கண்டுகொள்ளாதீர்கள். மோட்டாரின் ஒரு படி எவ்வளவு நகர்த்தும் என்ற கணக்கு அது. சட்டம் எவ்வளவு வளைகிறது, நட்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று அதிலிருந்து தெரியாது. நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று கையில் தட்டினால் ஆட்டம் இருக்கிறது.

3. இயந்திரத்தின் விலை பாதிதான்

என் நோட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன். இயந்திரம் ரூ.18,500. பிட்டுகள் 3,200. வெர்னியரும் ஸ்டாண்டோடு டயல் கேஜும் (முள் காட்டி நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) 2,900. கிளாம்ப், எம்டிஎஃப் பலகை 1,400. எமர்ஜென்சி ஸ்விட்ச், யுஎஸ்பி கேபிள், பிளக் பெட்டி 1,100. வேக்குவம் கிளீனர் 5,200. சத்தத்தையும் தூசியையும் அடக்க பிளைவுட் பெட்டி 3,800. கூட்டினால் 36,100. இயந்திரத்துக்குக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இன்னொரு மடங்கு. கையில் இருபதாயிரம் வைத்திருப்பவர் இருபதாயிரத்துக்கு இயந்திரம் வாங்கினால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

பிட் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. 3018-இல் உள்ள ஈஆர் 11 கோலட்டோடு வருவது பெரும்பாலும் 3.175 மி.மீ., அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கடையில் 3 மி.மீ. தண்டு உள்ள பிட்டைக் கொடுத்துவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல. அதேபோல் 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. தண்டும் வேறு வேறு. தண்டின் அளவுக்குத் தகுந்த கோலட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட் வேண்டாம், கார்பைடு வாங்குங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அக்ரிலிக்குக்கு ஒற்றை வெட்டு விளிம்புள்ள பிட், மரத்துக்கு இரண்டு விளிம்பு, எழுத்துக்கு வி பிட். முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று உடையும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

4. விற்பவரிடம் கேட்க வேண்டியவை, வாங்கி வைக்க வேண்டியவை

பணம் கட்டும் முன் எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, பதில் வாங்குங்கள். சரக்கு இந்தியாவில் இருக்கிறதா, ஆர்டர் வந்தபிறகு வெளிநாட்டிலிருந்து வருமா? இருப்பில் இருந்தால் ஒரு வாரம். இல்லையென்றால் ஒன்று ஒன்றரை மாதம். பவர் சப்ளை 230 வோல்ட்டுக்கானதா? இதைக் கட்டாயம் கேளுங்கள். 110 வோல்ட் விஎஃப்டியும் பவர் சப்ளையும் சந்தையில் கலந்து கிடக்கின்றன. லிமிட் ஸ்விட்ச் (அச்சு கடைசிக்குப் போனதும் அறிவிப்பது) உண்டா? மோட்டார்களை ஓட்டும் கன்ட்ரோல் போர்டு தனியாகக் கிடைக்குமா? வாரண்டியில் மோட்டாரும் போர்டும் அடக்கமா, அல்லது சட்டம் மட்டுமா?

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பில் இல்லாமல் ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வந்த போர்டில் ஒரு அச்சின் மோட்டாரை ஓட்டும் டிரைவர் சில்லு முதல் நாளே செத்திருந்தது. பில்லும் கட்டண ரசீதும் இருந்ததால்தான் மாற்றி வாங்க முடிந்தது. அப்படியும் 26 நாள் ஆயிற்று. உங்களிடம் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஆர்டர் போடும்போதே கொடுங்கள். பில் அடித்தபிறகு எண்ணைச் சேர்க்கச் சொன்னால் இழுத்தடிப்பார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் உதிரிகளுக்குச் சென்னை ரிச்சி தெரு போதும். கப்ளிங், பேரிங், போல்ட்டுக்கு உங்கள் ஊர் பேரிங் கடையே போதும். எல்லாவற்றையும் ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

5. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பதென்றால்

அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. உற்பத்தியாளரின் சொந்தத் தளத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்கினால் விலையோடு கணக்கு முடியாது.

சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த மதிப்புக்குப் போடுவார்கள். அதன்மேல் அடிப்படைச் சுங்கவரி, அந்த வரித்தொகையில் 10% சமூகநலக் கூடுதல் வரி, இவற்றையெல்லாம் கூட்டிய தொகைக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). உதாரணமாக எல்லாம் சேர்ந்து ரூ.20,000 மதிப்பு, அடிப்படை வரி 7.5%, ஐஜிஎஸ்டி 18% என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வரி 1,500, கூடுதல் வரி 150, இதுவரை 21,650. அதில் 18% என்றால் 3,897. ஆக மொத்த வரி 5,547. கூரியர் கம்பெனியின் கையாளும் கட்டணம் தனி. எந்தத் தலைப்பில் சரக்கைப் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். தனிநபர் உபயோகம் என்று பதிந்தால் கணக்கே வேறு. ஆகவே பணம் கட்டும் முன் கூரியரிடம் கேளுங்கள்.

வைத்திருக்க வேண்டிய தாள்கள்: கேஒய்சிக்கு ஆதார், பான்; விற்பவரின் இன்வாய்ஸ்; நீங்கள் பணம் கட்டியதற்கு வங்கிச் சான்று; ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண். சொந்த உபயோகத்துக்கு ஐஇசி எண் (இறக்குமதி ஏற்றுமதிக்கான பதிவு எண்) வேண்டியதில்லை. தொழிலுக்கு என்றால் வேண்டும். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ரூ.500 கட்டி வாங்கலாம். வங்கிக் கணக்கை துறைமுகத்தில் பதிவு செய்யும் ஏடி கோடு வேலையும் சேர்ந்து வரும். பெரிய இயந்திரம் மரப்பெட்டியில் வந்தால் பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரம் பூச்சி இல்லாமல் பதப்படுத்தப்பட்டது என்று காட்டுவது) இருக்க வேண்டும்; அனுப்பும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விலையைக் குறைத்து இன்வாய்ஸ் போடச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் மதிப்பைக் கேள்வி கேட்டால் சரக்கு அங்கேயே நிற்கும், காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

6. பெட்டி வந்த அன்று

பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள், நடுவில் நிறுத்தாமல். ஸ்குரூ பைகளைக் கலக்காமல் இட்லித் தட்டு, டிபன் பாக்ஸ் மூடி என்று எதிலாவது தனித்தனியாகக் கொட்டி, பட்டியலோடு எண்ணிப் பாருங்கள். கம்பிகளையும் லீட் ஸ்குரூக்களையும் கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்திப் போகும், அடியில் வெளிச்சம் தெரியும். வளைந்ததை நிமிர்த்தப் பார்க்காமல் அன்றே புகார் போடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான். கிட்டைப் பரணில் போட்டுவைத்துப் பொங்கல் லீவில் பூட்டலாம் என்று இருந்தால் கெடு போய்விடும்.

7. பூட்டுவது

"இரண்டு மணி நேரத்தில் பூட்டலாம்" என்று போட்டிருப்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். முதல் ஞாயிறு சட்டம், இரண்டாவது மின்சாரமும் அளவும்.

சட்டத்தின் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் போடுங்கள். சமதளமான கிரானைட் அடுப்பு மேடை அல்லது கண்ணாடிமேல் வைத்து நான்கு காலும் ஒட்டுகிறதா என்று பார்த்து, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் மூலைமட்டம். அதன்பிறகு எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நான் அப்படிச் செய்து இரண்டு தடவை கழற்றினேன்.

லீட் ஸ்குரூவைக் கையால் சுற்றுங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி இளக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு முனையில் இறுகினால் நட்டைப் பிடிக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, அந்த முனைக்கு நகர்த்தி, அங்கே வைத்து முடுக்குங்கள்.

அடுத்து கப்ளிங். என் நான்கு மாதத்தில் மூன்று வாரத்தை விழுங்கியது இதுதான். மோட்டார் தண்டையும் லீட் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் அரிசி அளவுக்குச் சின்ன கிரப் ஸ்குரூக்கள் (தலையில்லாத, தண்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்குரூ) இருக்கும். என் பலகையில் மூன்று குழி அழகாக விழுந்தது. நான்காவது குழி முட்டை வடிவத்துக்குப் போய், ஐந்தாவது 3 மி.மீ. தள்ளி விழுந்தது. மென்பொருளைக் குறை சொன்னேன், கேபிளை மாற்றினேன், போர்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒய் அச்சின் கப்ளிங்கைக் கையால் திருப்பினால் மோட்டார் தண்டு நகராமல் கப்ளிங் மட்டும் வழுக்கியது. தண்டு முழு உருளையாக இருந்ததால் ஸ்குரூவுக்குப் பிடிமானமில்லை. லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் ஒருவர் அரத்தால் தண்டில் நகத்தின் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் தேய்த்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அந்தத் தட்டையின்மேல் கிரப் ஸ்குரூவை இறக்கி, நூல் பூட்டும் பசை ஒரு சொட்டு வைத்து முடுக்கினேன். அன்றிலிருந்து வழுக்கவே இல்லை. இதைப் பூட்டும்போதே செய்துவிடுங்கள். கூடவே பெர்மனென்ட் மார்க்கரால் கப்ளிங்கையும் தண்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். வழுக்கினால் கோடு உடைந்து நிற்கும். ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

8. மின்சாரமும் போர்டும்

மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

கம்ப்யூட்டர் போர்டை அடையாளம் காணாவிட்டால் சிஎச்340 என்ற யுஎஸ்பி சில்லுக்கான டிரைவர் மென்பொருளைப் போட வேண்டும். இணைப்பு வேகம் 115200. பெரும்பாலான சிறிய இயந்திரங்களின் போர்டில் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடுகிறது. இணைந்ததும் $$ என்று அடித்தால் எல்லா அமைப்பும் வரிசையாக வரும். எதையும் தொடும் முன் அதை நகலெடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள்.

முக்கியமானவை $100, $101, $102. ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி எடுக்க வேண்டும் என்று மூன்று அச்சுக்கும் சொல்பவை. ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படியையும் டிரைவர் 16 நுண்படியாகப் பிரிக்கும், ஸ்குரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தும் என்றால் 200 × 16 ÷ 4 = 800. 100 மி.மீ. போகச் சொல்லி 98.5 மட்டும் போனால் உடனே அந்த எண்ணை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. மாற்றாதீர்கள். ஸ்குரூவின் புரி அவ்வளவு தப்பாக இருக்காது. எங்கோ வழுக்குகிறது அல்லது மோட்டார் படி தவறுகிறது. அதைத் தேடுங்கள். பெல்ட் இயந்திரத்தில் மட்டும் எண்ணைத் திருத்துவதற்கு நியாயம் உண்டு.

ஏதாவது ஓர் அச்சு எதிர்த்திசையில் ஓடினால் $3: எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4, திருப்ப வேண்டியவற்றைக் கூட்டிப் போடுங்கள். லிமிட் ஸ்விட்ச் இல்லாத இயந்திரத்தில் $22 (ஸ்விட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தைத் தேடும் அமைப்பு) பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் பூட்டிக்கொண்டு நிற்கும்.

பாதி வேலையில் இணைப்பு அறுந்தால் முதலில் ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சலைச் சந்தேகப்படுங்கள். குட்டையான, ஃபெரைட் மணி (மின் இரைச்சலை அடக்கும் குமிழ்) உள்ள யுஎஸ்பி கேபிள் போடுங்கள், ஸ்பிண்டில் ஒயரை அதிலிருந்து விலக்குங்கள், பிளக்கில் எர்த் இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் எனக்கு நின்றது.

9. மட்டம் பிடிப்பது

கோலட்டில் ஒரு கம்பியை எல் வடிவில் வளைத்து மாட்டி, முனை மேசையைத் தொடும்படி இறக்கி, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். நான்கு திசையிலும் ஒரே மாதிரி உரச வேண்டும். ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கினால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. தாங்கியின் அடியில் மெல்லிய அலுமினியத் தாள் வைத்துச் சரிசெய்யலாம். பிறகு தியாகப் பலகையை இயந்திரத்தாலேயே ஒரு தடவை மேலோட்டமாகச் சீவிவிடுங்கள். அதற்கப்புறம் எழுத்து ஒரு மூலையில் ஆழமாகவும் மறுமூலையில் ஆழமில்லாமலும் விழாது.

10. மென்பொருள்

வரைய ஒன்று, வரைந்ததை ஜி-கோடாக (இயந்திரத்துக்குப் புரியும் கட்டளை வரிகள்) மாற்ற ஒன்று, அதை இயந்திரத்துக்கு அனுப்ப ஒன்று. எழுத்தும் கோலமும் என்றால் இங்க்ஸ்கேப், முப்பரிமாணம் என்றால் ஃப்ரீகேட் அல்லது ஃபியூஷனின் (முன்பு ஃபியூஷன் 360) சொந்த உபயோகப் பதிப்பு, அனுப்ப கேண்டில் அல்லது யுஜிஎஸ். எல்லாமே காசில்லாமல் கிடைக்கும். தமிழ் எழுத்து போடுகிறவர்கள் எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி வரும்.

11. முதல் வெட்டு

முதல் ஓட்டம் காற்றில். பிட் இல்லாமல், இசட்டை உயரத்தில் வைத்து முழு வேலையையும் ஓட்டுங்கள். கிளாம்ப்பில் இடிக்கிறதா என்று தெரியும்.

பிட் மாட்டும் முறையில் புதியவர்கள் எல்லாரும் சறுக்குகிறார்கள். கோலட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு நட்டை முடுக்கக் கூடாது. கோலட்டைச் சற்றுச் சாய்த்து நட்டுக்குள் அழுத்தினால் "டக்" என்று உட்காரும். உட்கார்ந்தபிறகுதான் நட்டோடு சேர்த்து ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். கோலட்டின் பிளவுகளில் மரத்தூள் இருந்தால் பிட் இறுகப் பிடிக்காது. சிராயை மேலே தள்ளும் வகைப் பிட், வெட்டும்போது தன்னையே கீழே இழுத்துக்கொள்ளும். தொடங்கும்போது 1 மி.மீ. ஆழமாக இருந்த கோடு முடியும்போது 2 மி.மீ. ஆனால் காரணம் இதுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு தடவையும் துடைத்துவிடுங்கள்.

உயரத்தைப் பூஜ்யமாக்க பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் சாதாரண வெள்ளைத் தாள். 0.1 மி.மீ. வீதம் இறக்குங்கள், தாளை இழுக்கும்போது லேசாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: சுழல் வேகம் × வெட்டு விளிம்புகளின் எண்ணிக்கை × ஒரு விளிம்பு கடிக்கும் அளவு. 10,000 × 2 × 0.04 = நிமிடத்துக்கு 800 மி.மீ. இதில் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். 3018-இல் பைன், எம்டிஎஃப் என்றால் ஒரு இறக்கத்துக்கு 0.5 முதல் 1 மி.மீ., தேக்கு என்றால் 0.3 முதல் 0.5. மெதுவாகப் போனால் பத்திரம் என்று நினைத்து மிகவும் குறைத்துவிடாதீர்கள். பிட் வெட்டாமல் உரசும், மரம் கருகும், அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் வாங்கும்போது "காஸ்ட்" என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் வகைதான் சீக்கிரம் உருகுகிறது.

காதையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். சீரான இரைச்சல் திடீரென்று கீச்சிட்டால் நிறுத்துங்கள். விழுவது பொடியாக இல்லாமல் சின்னச் சுருளாகவும் சிராயாகவும் இருந்தால் வேகம் சரி. எம்டிஎஃப் மட்டும் எப்போதும் பொடிதான்.

12. தூசி, சத்தம், கை கால்

எம்டிஎஃப் தூசியில் ஃபார்மால்டிஹைடு பசை கலந்திருக்கிறது. என்95 முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பிவிசி ஷீட்டை லேசரில் காட்டாதீர்கள். எரிச்சலூட்டும் அமிலப் புகை வரும், இயந்திரமும் துருப்பிடிக்கும். கிட்டோடு லேசர் சேர்ந்து வந்திருந்தால் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியைத் தனியாக வாங்குங்கள். உடன் வரும் பச்சைக் கண்ணாடியை நம்பிக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஸ்பிண்டில் ஓடும்போது கையுறை போடக் கூடாது, பிட் அதைச் சுருட்டி இழுத்துவிடும். துப்பட்டா, தொளதொள சட்டைக்கை, நீண்ட தலைமுடிக்கும் இதுவே. எமர்ஜென்சி ஸ்விட்சை உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் வையுங்கள். இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தால் அதற்கு மேலே கையை நீட்ட வேண்டிவரும். சாப்பிடப் போகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டுப் போங்கள்.

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். அதிர்வில் எப்படியும் இரண்டு மூன்று தளர்ந்திருக்கும். லீட் ஸ்குரூவைத் துணியால் துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். கப்ளிங்கில் போட்ட மார்க்கர் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பலகையைக் கிளாம்ப்பில் பூட்டுங்கள்.